ஞானத்தகப்பனை மாற்றிவிட்டேன்

டோர்செட் பார்க்,
புதன்கிழமை, பெப்ரவரி 1994.

அன்பு நிறைந்த அத்தானுக்கு,

நானும் மகனும் சுகம். அங்கத்தைய குளிரை நினைத்தால் உங்கள் சுகத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

நேற்று அலெக்ஸாண்டர் அண்ணை வந்தார். உங்களையெல்லாம் ஸ்காபரோவில் தன் வான் வண்டியில் ஏற்றி வடக்கே மர ஆலைக்குக் கொண்டுபோன அதே மனுசன். ஞாயிறு நம் மகனுக்கு ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவர். வெள்ளைச் சட்டையும் தொப்பியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சோபாவில் இருந்து கண்கலங்கினார். "உவன் மாக்கஸ் என்ர வயித்தில அடிக்கிறான், தங்கச்சி. நீ சொன்னாக் கேப்பான்" என்றார். நீங்கள் வேலைநிறுத்தத்தை விட்டு வேலைக்கு இறங்கினால் மற்றவர்களும் இறங்குவார்களாம். இறங்கினால் சனிக்கிழமை தன் வானிலேயே உங்களை ஞானஸ்நானத்துக்குக் கூட்டிவருவாராம். இல்லாவிட்டால் அகதிக் கேஸ் பழுதாகுமாம்.

உங்களோடு ஆலையில் நின்ற அகஸ்ரினின் கை எப்படி என்று கேட்டேன். தேத்தண்ணீரை ஊதிக் குடித்தார். பிறகு, அவன் நீங்கள் தங்கும் காம்பில் விறகு வெட்டும்போதுதான் விரல்கள் போனதென்று எல்லோரும் சொன்னால் பிரச்சினை முடிந்துவிடும் என்றார். மூடியில்லாத மெஷின் வாள் அறுத்ததை விறகின் தலையில் போட இவருக்கு எப்படி வாய் வந்தது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேஸைப் பற்றி இன்று லோயரின் கந்தோரில் மொழிபெயர்க்கும் அருள்மலர் அக்காவிடம் விசாரித்தேன். அது சும்மா வெருட்டல் என்றார். நீங்கள் அதை நினைத்து நித்திரை முழிக்க வேண்டாம்.

உங்களுக்குப் புத்திசொல்லி எழுதித் தந்தால் தானே கொண்டுபோய்த் தருவதாக அண்ணை சொன்னார். அதுதான் இந்தக் கடிதம். உறையை ஒட்டவில்லை. வழியில் வாசிக்கத்தான் போகிறார், வாசிக்கட்டும். கிழித்தாலும் பரவாயில்லை, இதையே பார்த்தெழுதிய இன்னொன்று தபாலில் வருகிறது. அண்ணை, இந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றால் கேளுங்கள்: நீங்கள் என் பிள்ளையைத் தொட வேண்டாம். நீங்கள் கொண்டுவந்த சட்டையும் தொப்பியும் கடிதத்தோடு தரும் இந்தப் பையிலேயே இருக்கின்றன.

ஞானத்தகப்பன் அகஸ்ரின்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவரால் வர முடியாது. அவருக்குப் பதிலாக என் தம்பி நிற்பான். பாதர் சம்மதித்துவிட்டார்.

அத்தான், அந்த வானில் ஏறி வராதீர்கள். வாளுக்கு மூடி போட்டு, அகஸ்ரினின் விரல்கள் ஆலையில்தான் போனதென்று ஒத்துக்கொள்ளும்வரை ஒருவரும் வேலைக்கு இறங்காதீர்கள். ஞாயிறு பிள்ளையை நான் தனியே தூக்கிக்கொண்டு நிற்பேன். இப்போது முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டான். நீங்கள் வந்து பார்க்கும்வரை அந்தச் சிரிப்பை மாதா அப்படியே வைத்திருக்கட்டும்.

உங்களையே நினைத்திருக்கும்,
பேர்ணடெற்