ஏர்போர்ட்டுக்கு வேன் வேண்டாம்

சிங்கப்பூர்

அன்புள்ள சுடர்விழிக்கு,

நீயும் பிள்ளையும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அம்மா கேட்பார்கள். அதனால்தான் ஊருக்கு வரும் நண்பரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று இங்கே தமிழில் நடக்கிறது. ஞாயிறுதோறும் போகிறேன். முதல் நாள் என்னைப் பேசச் சொன்னதும் பெயர், ஊர், அப்பா பெயர், தெரு வரைக்கும் ஒப்பித்துவிட்டேன். "பேரு மட்டும் போதுங்க, நாங்க என்ன பொண்ணு குடுக்கவா போறோம்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். அன்றிலிருந்து தொடவில்லை.

அடுத்த மாதம் லீவு என்றதும்தான் பயம் வந்துவிட்டது. உன் அண்ணன் வழக்கம்போல வேனில் கூட்டாளிகளோடு திருச்சி ஏர்போர்ட்டுக்கு வருவார். தஞ்சாவூர் வருவதற்குள் வண்டி எங்கே நிற்கும் என்று உனக்கே தெரியும். "சிங்கப்பூர்லேர்ந்து வெறுங்கையோடயா வந்தே?" என்பார்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேன் வேண்டாம் என்று சொல்லிவிடு. மன்னார்குடியில் இப்படிக் கூட்டம் நடக்கிறதா என்று விசாரி. யாருக்கு என்று கேட்டால் வீட்டுக்காரருக்கு என்றே சொல். பிள்ளையின் செருப்பு அளவையும் அனுப்பு.

நம் வீட்டுப் பெண்கள் ஏர்போர்ட்டுக்கு வருவதில்லைதான். ஆனாலும் நீ வா, பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விடலாம். சொல்லியும் கேட்காமல் அவர்கள் வேனோடு வந்து நின்றால்?

நண்பர் கிளம்பிக்கொண்டிருக்கிறார். ஏர்போர்ட் வாசல் கம்பி ஓரமாகவே நில். அவர்கள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நீ பார்த்துவிடு.

இளம்பரிதி