மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தவள்

கோச்,

இன்று ரந்தாவ் ஊரில் நடந்த ஆட்டத்தில் ஒருத்திக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது. மருந்துப் பையைத் திறந்தேன். உங்கள் தைல வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே கட்டுத்துணி இல்லை, கத்தரிக்கோல் இல்லை. தைலமும் ஒரு டப்பா இஞ்சி மிட்டாயும்தான். யாருக்கும் அடிபடாது என்று நம்பிப் பை கட்டியவர் நீங்கள். இறந்துபோய் எட்டு மாதமாகியும் என்னை எரிச்சல்படுத்துகிறீர்கள்.

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நீங்கள் பயிற்சியாளர். புள்ளியியல் விரிவுரையாளரான நான் அணி மேலாளர். இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டோம். தவறு செய்தவளை அந்த நிமிடமே வெளியே கூப்பிடக்கூடாது என்பது உங்கள் சட்டம். அந்தச் சட்டத்தால் கைவிட்டுப் போன ஆட்டங்களை நான் எண்ணி வைத்திருந்தேன்.

பகாவ் ஆட்டம் நினைவிருக்கிறதா? வென்றால் அடுத்த சுற்று. கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னிலை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநரின் மகள் கவிதா, மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தாள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கோச், அவள மாத்துங்க!"

"இப்ப கூப்பிட்டா பயத்தோட வந்து உக்காருவா, மிஸ். இன்னொரு தடவ பந்தத் தொடட்டும்லா."

தொட்டாள். தோற்றோம்.

திரும்பும்போது வேனில், வழக்கம்போல ஆளுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்ல வைத்தீர்கள். என் முறை வந்தது.

"மழ வரல," என்றேன்.

"பாத்தீங்களா, மிஸ்ஸே நல்லது சொல்லிட்டாங்க!" என்று கை தட்டினீர்கள். தோற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருத்துவமனையிலிருந்தும், "அடுத்த வாரம் வந்துருவேன், ஜெர்சியத் தொவச்சு வைங்க" என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் கணித்ததில் நான் நம்பியது அது ஒன்றைத்தான். அதனால்தான் பார்க்க வரவில்லை.

பிறகு அணி என் கைக்கு வந்தது. என் முறையில் நடத்தினேன்: பந்தை விட்டால் வெளியே. இரண்டு ஆட்டம் வென்றோம். போன திங்கட்கிழமை கவிதா என் அறைக்கு வந்து, மடித்த ஜெர்சியை மேசையில் வைத்தாள்.

"நான் டீம்லேர்ந்து நின்னுக்கிறேன், மிஸ்."

"ஏன்? ஜெயிச்சுக்கிட்டுதானே இருக்கோம்?"

"பந்து கைக்கு வந்தாலே உங்களத்தான் பாக்குறேன், மிஸ்."

"கோச் இருந்தப்ப?"

"ரிங்கப் பாப்பேன்."

என் புள்ளித்தாளில் இதற்குக் கட்டமே இல்லை. ஜெர்சியை அவள் பக்கம் தள்ளினேன். "ஒரு ஆட்டம் ஆடிப் பாரு. நடுவுல கூப்பிட மாட்டேன்," என்றேன். யோசித்துத்தான் எடுத்துக்கொண்டாள்.

இன்று தொடக்கத்திலேயே இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தாள். இரண்டு முறையும் என் பக்கம் திரும்பினாள். அவளை வெளியே கூப்பிடக் கை தானாக உயர்ந்துவிடும் போலிருந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். மூன்றாவது முறை பறிகொடுத்தபோது, பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான்கு புள்ளியில் தோற்றோம். உங்கள் முறை சரி என்று இப்போதும் எழுதித் தரமாட்டேன். ஆனால் ஆட்டம் முடிந்து எழுந்தபோது என் கைகள் இரண்டும் மரத்துப்போயிருந்தன, கோச். அடுத்த வாரமும் அப்படித்தான் உட்காரப் போகிறேன்.