கப்பலுக்கு வாங்கிய ஜூம் கேமரா

சின்னக்குட்டிக்கு,

கப்பல் பயணத்துக்கு ஜூம் கேமரா வாங்கச் சொன்னாயே, நேற்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பார்த்தோம். எது நல்லது என்று அப்பாவையே சொல்லச் சொன்னேன்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டியதும், அப்பா வாசலில் நின்று கண்ணில் வைத்துக் கோபுரத்தைப் பார்த்தார். “எம்புட்டு கிட்டக்க தெரியுது. பொம்மையெல்லாம் எண்ணிரலாம் போல,” என்றார்.

லென்ஸ் மூடியை யாரும் கழற்றவே இல்லை. கழற்ற வந்த கடைக்காரரை நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “இதையே வாங்கிருவோம்” என்றேன்.

போன வருஷமே இந்தப் பயணத்துக்கு நீ கூப்பிட்டாய். மாடி கட்டி முடியட்டும் என்றேன். முடிந்துவிட்டது. அங்கிருந்து மலை நன்றாகத் தெரிகிறது, எனக்கு மட்டும்.

கப்பலில் அவர் பக்கத்திலேயே இருப்பேன். படம் எடுக்கும்போதெல்லாம் மூடியை நான் கழற்றிவிடுகிறேன். நீ பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று அவரிடம் சொல்.

அம்மா