அது முத்து இல்லை, அக்கா

அடுத்த தெருவுக்குப் போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிற என் கவிதா அக்காவுக்கு,

எனக்கும் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உனக்குத் தழும்பு இருந்த அதே இடது பக்கம். தலசீமியாவோடு பிறந்த நம் இரண்டு பேருக்கும் ஏற்றுகிற ரத்தத்தை எல்லாம் அதுதானே தின்றுகொண்டிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்பே தடுப்பூசிகள் போட்டார்கள். தினமும் மாத்திரை. கிருமியோடு சண்டை போட உடம்பில் ஒரு ஆள் குறைந்துவிட்டது, காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்றார் பாண்டிச்சேரி டாக்டர். உன்னிடமும் இதையேதான் சொன்னார். நீ மறக்கவில்லை. மறக்காதவளைத்தான் சாகவிட்டார்கள்.

அன்று காலையில் உனக்குக் குளிர் எடுத்தது. பத்து மணிக்குள் காலெல்லாம் புள்ளி. நைனா பெங்களூர் வேலையில் இருந்தார். அவர் இல்லாதபோது நம் வீட்டிலும் எதிர்வீட்டுப் பெரியம்மா சொன்னதுதான் சட்டம். வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா முத்து போட்டிருக்கா. யாரும் வெளிய போவக் கூடாது."

"இது அம்மை இல்ல பெரிம்மா. எனக்கு மண்ணீரல் இல்ல. ஆட்டோவக் கூப்புடு."

"ஆத்தா வந்த வூட்ல டாக்டர் பேச்சு பேசாதடி. கோச்சுக்குவா."

வாசலில் வேப்பிலை கட்டினாள். உன் தினசரி மாத்திரையைக்கூடப் பரண்மேல் தூக்கி வைத்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், உன் முகத்தைப் பார்த்தாள், பிறகு மஞ்சள் அரைக்க உட்கார்ந்தாள்.

முத்து என்றால் தோலுக்குமேல் உருண்டு நிற்கும், நீர் கோத்திருக்கும். உன் காலைத் தடவினேன். எதுவும் தட்டுப்படவில்லை. நாவல்பழத்தை நசுக்கிய கறைபோல் தோலுக்கு அடியில் பரவிக்கொண்டே போனது. பின்னால் அதைச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ரத்தத்துல கிருமி பரவிடுச்சும்மா. காலையிலயே ஊசி போட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார். காலையிலேயே நீ ஆட்டோ கேட்டாய், அக்கா.

மறுநாள் நீ இல்லை. அம்மையில் போனவளுக்கு அழக் கூடாது என்றாள் பெரியம்மா. மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அந்த அழுகை எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறாய்? என்னிடம்தான் இருக்கிறது.

உன் வருஷ நினைவுக்கு பிளெக்ஸ் வைக்கப் பெரியம்மாதான் ஏற்பாடு செய்தாள். 'அங்காளம்மன் அழைத்துக்கொண்ட எங்கள் குலக்கொழுந்தே' என்று எழுதி, தன் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அச்சாகும் முன் பார்த்து வாங்கிவர என்னை அனுப்பினாள். கடைக்காரர் முன் நின்றபோது எனக்கு வாய் வரவில்லை. நான் எட்டாவதோடு நின்றவள், ஆள் முகம் பார்த்துப் பேசாதவள் என்பது உனக்குத் தெரியும். போனில் தட்டி வைத்திருந்ததை அவரிடம் நீட்டினேன்.

"இன்னா பாப்பா, மேட்டரே மாறிப்போச்சு?"

தலையாட்டினேன்.

"சரி, புறா இருக்கட்டுமா? நினைவஞ்சலின்னா புறாவும் வெளக்கும் ஃப்ரீ."

"புறா வேணாம்ண்ணா. பெரியம்மா போட்டோவ மட்டும் பெரிசாப் போடுங்க."

"ஒங்க அக்கா படத்தவிடவா?"

"ஆமா."

அவர் எழுத்தை இன்னொரு தரம் படித்தார். பிறகு பெரியம்மா படத்தை இழுத்துப் பெரிதாக்கினார்.

அமாவாசை அன்று கூட்ரோட்டில் கட்டச் சொன்னேன். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் எல்லாம் அங்கே நின்றுதானே போகும். ஜன்னல் ஜன்னலாகப் படித்தார்கள். 'கவிதா அம்மையில் சாகவில்லை. மண்ணீரல் எடுத்த உடம்பு. காய்ச்சல் வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இருந்திருப்பாள். போகவிடாமல் வாசலில் வேப்பிலை கட்டியவர்' என்று எழுதி, கீழே பெரியம்மா. போன கல்யாணத்தில் எடுத்த படம். பட்டுப்புடவை, வாய் நிறையச் சிரிப்பு.

பொழுது சாய்வதற்குள் கிழித்துவிட்டார்கள். கிழித்த கையோடு பெரியம்மா வந்தாள்.

"குடும்பத்த சந்தி சிரிக்க வெச்சிட்டியேடி. ஊமைன்னு நெனச்சேன் ஒன்ன."

"நீயே சிரிச்சுக்கிட்டுதான இருந்த பெரிம்மா, போட்டோவுல."

"ஒனக்கும் காய்ச்சல் வரும். அன்னிக்கு யாரு வர்றான்னு பாக்கறேன்."

"வரும். நீ வராத. அது போதும்."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உனக்குக் கேட்டதா?

காய்ச்சல் வந்தது, அக்கா. போன வாரம் துணி உலர்த்தும்போது பல் கிட்டியது. அம்மா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை வாயில் போட்டாள். ஆட்டோ வருவதற்குள் பெரியம்மா எதிர்வீட்டிலிருந்து இறங்கி வந்து வழியில் நின்றாள்.

"ஒடம்புல முத்து இருக்குதான்னு பாத்தியா?"

அம்மா அவள் பக்கம் திரும்பவில்லை. "வழிய வுடுக்கா" என்றாள். உனக்கு அன்றைக்குக் கிடைக்காத அந்த ஒரு சொல். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றுதான் வெறி வந்தது. அதை அம்மாவிடம் என்றைக்காவது கேட்பேனா, தெரியவில்லை.

பாண்டியில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். பிழைத்துத் திரும்பினேன். ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லி, பெரியம்மா வாசல் வழியாக மெதுவாக நடந்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நல்லது, சாத்திக்கொள்ளட்டும். என்னை மன்னிக்கச் சொல்லாதே, நீ சொன்னாலும் கேட்க மாட்டேன். நான் சாக மாட்டேன், அக்கா. ஒரு மாத்திரையும் தவறவிட மாட்டேன், ஒரு காய்ச்சலையும் சும்மா விட மாட்டேன். எனக்குத் தலை நரைக்கும். நீ சாக வேண்டியவளே இல்லை என்பதற்குச் சாட்சியாக, அவள் கண்ணெதிரே நான் வயதாகிக்கொண்டே இருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் ரத்தத்தில் இருந்த அதே குறையோடு உயிரோடிருக்கும்,
உன் தங்கச்சி சுகன்யா