கொறச்சு காத்து

நவம்பர் 6, புதன்

மூன்று தரம் தலை குளித்தும் காதுக்குள்ளிருந்து தேரி மணல் வந்துகொண்டே இருக்கிறது. சட்டை, ஜீப்பு சீட்டு, சோற்றுப் பாத்திரம் எல்லாம் சிவப்பு. சிபியின் வெள்ளைப் பனியன் இனி ஜீப்பு துடைக்கத்தான் ஆகும்.

டயர் மணலில் பாஸ்! அதை முதலில் எழுதாமல் பனியனைப் பற்றி எழுதுகிறேன் பார். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் மேடும் பள்ளமுமாக ஓட்டு ஓட்டென்று ஓட்டியாயிற்று. கிறிஸ்மஸுக்குக் கம்பெனி புதிதாக இறக்கப்போகிற டயர் இது. மணலிலும் மலையிலும் போட்டுப் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. ஓட்டுவது நான். காற்றைப் பார்ப்பதும், இறங்கி முன்னால் நின்று கல்லைப் பார்த்து வழி சொல்வதும் சிபி. பெண்டாட்டி வண்டி ஓட்ட மாப்பிள்ளை முன்னால் நடக்கிறான் என்று பாறசாலையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அம்பூரி மலையில் எனக்கு முன்னால் ஜீப்பை ஏற்றிக் காட்டிவிட்டுச் சிரிக்கட்டும்.

இனி மலைதான் பாக்கி. அது முடிந்தால் ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் லடாக் மலைக்கும் எங்களையே அனுப்புவார்களாம். கம்பெனி எஞ்சினியர் அனில் சார் வாயால் சொன்னது. சிபி இப்போதே கம்பளிக் கோட்டுக்கு விசாரிக்கிறார்.

ஒன்று உறுத்துகிறது. கடைசி மேட்டில் திருப்பும்போது இடது முன்சக்கரத்தில் ‘ளொட்’ என்று ஒரு சத்தம். சிபியிடம் சொன்னேன். “உனக்க காதுல மணல் போயாச்சு, அதாக்கும்” என்றார். இருக்கலாம்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. மலைக்குப் போகவில்லை. நான் மரச்சீனி அவித்தேன், அவர் கப்பை தின்றார். கல்யாணம் முடிந்து இத்தனை வருடமாகியும் ஒரே கிழங்குக்கு இந்த வீட்டில் இரண்டு பெயர். நான் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடம், அவர் நெய்யாற்றின்கரை மலையாளப் பள்ளிக்கூடம். அதனால் ஒரு நன்மை, இந்த டைரி மேசைமேல் கிடந்தாலும் அவரால் வாசிக்க முடியாது.

நவம்பர் 9, சனி

 

சிபி உயிரோடு இருக்கிறார். தோள் எலும்புதான் போயிருக்கிறது. இதை எழுதிவிட்டேன், இனி மற்றது.

வெள்ளறடைக்கு மேலே, ரப்பர்த் தோட்டம் தாண்டிய பாறை வழி. மழைக்குப் பிறகு வழுக்கும். அதற்குத்தானே டயர். இடப்பக்கம் சரிவு, கீழே ரப்பர் மரங்கள் நிற்கும் மண்தட்டு. சிபி சரிவுப் பக்கம் நின்று “வா, வா, இடது கொஞ்சம், வா” என்று கை காட்டிக்கொண்டிருந்தார். நான் கல்மேல் ஏற்றினேன். அதே ‘ளொட்’. டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து, ஜீப்பு அப்படியே அவரை நோக்கிச் சாய்ந்தது. கண்ணாடிக்கு வெளியே அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அடுத்த நொடி தெரியவில்லை. குதித்திருக்கிறார். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு “சிபீ, சிபீ” என்று கத்துகிறேன், பதில் இல்லை. கர்த்தரே, அந்த நேரம் எனக்கு வேண்டாம், திரும்ப வேண்டாம்.

பிறகுதான் கீழே இருந்து “சத்தம் போடாத எடி, உண்டு, உயிர் உண்டு” என்று கேட்டது.

ஜீப்பை இழுக்க டயர்க்கடைப் பொன்னுதாஸ் அண்ணன் வந்தார். மற்ற மூன்று சக்கரத்திலும் கேஜ் வைத்துப் பார்த்தார். “மக்கா, பதினாறு பவுண்டுதான் இருக்கு. கல்லுல இவ்வளவு கொறைவா ஆராவது வைப்பாவளா?”

பதினாறா? மலை ஏறுமுன் இருபதில் இருந்ததை இருபத்திரண்டு ஆக்கத்தானே சொன்னேன். சிபி ஏன் குறைத்தார்? என்ன நினைத்துக் குறைத்தார்?

நவம்பர் 10, ஞாயிறு

அனில் சார் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் சாயா வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் சிபி அவரிடம் சொல்லியாகிவிட்டது: “சார், தப்பு எனக்காக்கும். காத்து கொறஞ்சு போச்சு.” அது தெரியாமல் நான் உள்ளே வந்ததும், “டயர் மோசம் சார், மணலிலேயே சத்தம் கேட்டேன்” என்றேன்.

அனில் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிபி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 11, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று.  கஞ்சி வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறார். அவருக்கு என்ன கோபம்? கோபப்பட வேண்டியவள் நானல்லவா?

நவம்பர் 12, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் செய்தாயிற்று.

மத்தியானம் கஞ்சிக் கோப்பையை ‘டப்’பென்று வைத்தேன். பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

“ஆரு உங்கள காத்தக் கொறைக்கச் சொன்னா?”

“நீதான்.”

“நானா? நானா சொன்னேன்?”

“நீயாக்கும் சொன்னது. பம்பு ஓடிட்டிருக்கு, காத்து மதியான்னு நான் கேட்டேன். கொறச்சு வையுங்கன்னு நீ பறஞ்ச.”

“ஆமா, கொறச்சு வைக்கத்தானே சொன்னேன்!”

“அதத்தானே நானும் செய்தேன்!”

 அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொறச்சு! அவருடைய மலையாளத்தில் அது ‘கொஞ்சம்’. என் தமிழில் அது ‘குறைத்து’. அவர் போதுமா என்பதை “மதியா” என்று கேட்டதால் நானும் மலையாளத்துக்குப் போய், இன்னும் கொஞ்சம் காற்று வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவரோ, இவள் தமிழ்க்காரி, குறைக்கச் சொல்கிறாள் என்று எடுத்திருக்கிறார். நான் அவர் பாஷையில் சொல்ல, அவர் என் பாஷையில் கேட்க. அவரவர் பாஷையிலேயே இருந்திருந்தால் எலும்பு உடைந்திருக்காது.

“கல்லுல எதுக்குக் கொறைக்கச் சொல்லுதாண்ணு எனக்கும் தோணிச்சு. பின்ன, வண்டி ஓட்டுறவளுக்கு என்னவிட நல்லாத் தெரியும்னு விட்டேன்” என்றார். ஆஸ்பத்திரியில் பழியை ஏன் ஏற்றீர்கள் என்றேன். “நீ சொல்லித்தான் செய்தேன்னு சாரிட்ட சொல்லவா?”

அட மனுஷா. நான் உங்களைக் காப்பாற்றத்தான் பழியை டயர் மேல் போட்டேன். உடையாத தோளில் தலையை வைத்து நன்றாக அழுதேன்.

நவம்பர் 13, புதன்

அனில் சாரிடம் உள்ளதை அப்படியே சொன்னோம். அவர் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டார் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. “அப்போ டயரில் குற்றமில்லை! உங்கள் தவறு. எழுதிக் கொடுத்துவிடுங்கள், திங்கட்கிழமை ஆள் வந்து டயர்களைக் கழற்றிப் போவான். ராஜஸ்தான் விஷயம் மாறவில்லை, பயப்பட வேண்டாம்.”

சிபிக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும்.

நவம்பர் 15, வெள்ளி

தூக்கம் இல்லை. காற்று குறைவாக இருந்தது உண்மை. கல்லில் அது தப்பு, அதுவும் உண்மை. ஆனால் தேரியில் அந்தச் சத்தம்? மணலில் குறைந்த காற்றுதான் சரி, சரியாகத்தான் வைத்திருந்தோம். அங்கேயும் ‘ளொட்’ என்றதே. எங்கள் தவறுக்குப் பின்னால் டயரின் தவறு ஒளிந்து நின்றால்?

அம்பூரி, வெள்ளறடை ஜீப்புக்காரர்கள் முழுக்க இதை வாங்குவார்கள். அவர்கள் ஏற்றுவது டூரிஸ்டை அல்ல. ரப்பர் பால்வெட்டுக்காரர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும்.

சரியான காற்றோடு அதே வழியில் ஒரு தரம் ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். அனில் சாரைக் கேட்டேன். “எதற்கு? முடிந்த விஷயம்.” சிபியைக் கேட்டேன். “சும்மா இரி மக்கா. தப்பு நம்மளுது, சாரு மன்னிச்சாச்சு. டயர் நல்லாருந்தா நமக்கு ஒண்ணும் கிட்டாது. மோசமாருந்தா உள்ளதும் போவும். என்னத்துக்கு?”

ஞாயம்தான். அதனால்தான் எரிச்சல் வருகிறது.

நவம்பர் 16, சனி

சிபி காலையில் தானாகவே ஒற்றைக் கையால், பொன்னுதாஸ் அண்ணன் திரும்ப ரிம்மில் ஏற்றிக் கொடுத்த டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். “நாளைக்குப் போலாம். இல்லேண்ணா நீ இப்பிடியே மூஞ்சியத் தூக்கிட்டு இருப்ப, எனக்கும் ஒறக்கம் இல்ல.”

பயமாக இருக்கிறது. நான்தான் கேட்டேன், எனக்குத்தான் பயம்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் மலைக்குப் போனோம். நல்ல வெயில். பாறை காய்ந்திருந்தது. சிபி நான்கு சக்கரத்துக்கும் காற்று வைத்து, ஒவ்வொன்றையும் கேஜோடு போனில் வீடியோ எடுத்தார். “இருபத்திரண்டு” என்று ஒவ்வொரு தரமும் சத்தமாகச் சொன்னார், நானும் திருப்பிச் சொன்னேன். கொறச்சும் வேண்டாம், கூட்டியும் வேண்டாம்.

பிறகு அவர் நடந்து போய்ச் சரிவுப் பக்கம் நின்றார். கழுத்தில் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு!  எஞ்சினை அணைத்துவிட்டேன்.

“அங்க நிக்காண்டாம். வந்து ஏறுங்க.”

“கீழ நின்னாத்தான எடி டயரப் பாக்க முடியும்?”

“டயர் என் தலையெழுத்து, நான் பாத்துக்கிடுதேன். ஏறல்லேண்ணா நான் இறங்கி வீட்டுக்கு நடந்து போவேன்.”

“வழி ஆரு சொல்லுவா?”

“ஆரும் சொல்லாண்டாம்!”

எஸ்டேட் முழுக்கக் கேட்டிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் ஏறினார். பைபிளிலிருந்து என்னவோ சங்கீதம் சொல்ல ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். முதல் கியரில் மெதுவாக ஏற்றினேன். அந்தக் கல் வந்தது. டயர் சரியாக இருக்க வேண்டும் என்றும் வேண்டினேன், நான் நினைத்தது சரியாக இருக்க வேண்டும் என்றும் வேண்டினேன். இரண்டையும் எப்படி ஒன்றாகக் கேட்பது?

ளொட்.

ஜீப்பு சாய்ந்தது. வலது பக்கம் ஒடித்துப் பிரேக்கை அழுத்தினேன், நிற்கவில்லை, வழுக்கிப் போய்க் கீழ்த்தட்டு ரப்பர் மரத்தில் இடித்து நின்றது. மரம்தான் பிடித்தது. எனக்கு ஒன்றும் இல்லை. சிபிக்கும் ஒன்றும் இல்லை. சிரட்டையிலிருந்த ரப்பர் பால் மட்டும் கண்ணாடியெல்லாம் கொட்டியிருந்தது.

இறங்கிப் பார்த்தோம். இடது முன்சக்கரத்தின் டயர் முழுக்க ரிம்மை விட்டுக் கழன்று மேலே வழியோர மண்ணில் கிடந்தது. மற்ற மூன்றிலும் இருபத்திரண்டு, அப்படியே. டயர் கிடந்த இடத்தில்தான் சிபி நின்றிருந்தார், நான் கத்தி ஏறச் சொல்லும் வரை. அவருடைய செருப்புத் தடம் டயருக்கு அடியில் இருந்தது.

அவரும் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சாய குடிக்கணும்” என்றார். 

நவம்பர் 18, திங்கள்

டயர் கழற்ற ஆள் வரவில்லை, அனில் சாரே வந்தார். வீடியோவை மூன்று தரம் பார்த்தார். தன் கேஜை எடுத்து மூன்று சக்கரத்தையும் அளந்தார். பிறகு குனிந்து ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பை விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நான் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“இதைத் தயவுசெய்து வேறு யாருக்கும் காட்டாதீர்கள். நான் மேலே சொல்கிறேன்.”

“சொல்லுவீங்களா சார்? சத்தியமா?”

“என் மகனும் ஜீப்பு ஓட்டுகிறான்” என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. ராஜஸ்தானைப் பற்றி அவரும் பேசவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

அழைப்பு இல்லை. நான் போன் செய்தால் கம்பெனியில் எடுப்பதும் இல்லை. சிபி கம்பளிக் கோட்டுக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

டிசம்பர் 10, செவ்வாய்

பூவாரில் சவாரி கிடைத்திருக்கிறது. ரிசார்ட்டு ஆட்களைப் படகுத் துறைக்கு ஏற்றி இறக்க வேண்டும். தார் ரோடு. ஒரு பள்ளம் கூட இல்லை. தேரியும் மலையும் ஏறிய ஜீப்பில் நான் இப்போது தொப்பி வைத்த ஆட்களின் பெட்டியை ஏற்றுகிறேன். கொலைவெறி வருகிறது. சிபி “பழகிடும்” என்கிறார். பழகாது.

டிசம்பர் 21, சனி

பிரேக் பார்க்கப் பொன்னுதாஸ் அண்ணன் கடைக்குப் போயிருந்தோம். அம்பூரிப் பக்கத்து ஜீப்புக்காரர் ஒருவர் அண்ணனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்மஸுக்கு வரும் என்று சொன்ன அந்த மலை டயர் எங்கே? முன்கூட்டியே சொல்லி வைத்தும் ஏன் வரவில்லை?

“அது இனி வராதுவே. கம்பெனி நிறுத்திட்டாம். காரணம் ஆருக்குத் தெரியும்?”

“ஏமாத்துக்காரப் பயலுவ! எங்கள மாதிரி மலையில கெடக்கவனுக்கு நல்லது ஒண்ணு வந்தா எவனுக்காவது பொறுக்காது. எவன் கண்ணு வச்சானோ, வெளங்காமப் போவான்.”

சிபி என்னைப் பார்த்தார். நான் பிரேக் எண்ணெய் டப்பாவைப் பார்த்தேன்.

அந்த மனுஷன் இன்னும் திட்டிக்கொண்டே பழைய டயர் போட்ட தன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் ஐந்தாறு பிள்ளைகள், மடியில் காகித நட்சத்திரங்கள், அதில் ஒரு பிள்ளை மட்டும் எங்களுக்குக் கை காட்டியது. வண்டி மலை ரோட்டில் திரும்பியது.

சிபி என் கையைப் பிடித்தார். கடை வாசலில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க. நானும் விடவில்லை.