கால்நடை வைத்திய அலமாரி

மொண்டெவிடியோ
14 ஜூலை 1988

அன்புள்ள நெலிடாவுக்கு,

நீ சொன்னபடி பழைய புத்தகக் கடையை ஒழுங்குபடுத்தினேன். வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது என்று உனக்கே தெரியும்.

உன் அக்காவின் கால் எலும்பு கூடி வருவதாக எழுதியிருந்தாய். நல்லது. அவள் தானாக நடக்கும்வரை அங்கேயே இரு. இங்கே விடாத மழை. எண்ணெயில் ரொட்டி பொரிக்கப் பார்த்தேன்; வெளியே கருகி உள்ளே மாவாகவே இருந்தது. அதையும் தின்றேன்.

கடை விஷயம். பதினோரு நாள் பூட்டிப்போட்டு, எட்டாயிரம் புத்தகங்களையும் தூசி தட்டி, வரலாறு, மருத்துவம், நாவல் என்று பிரித்து எழுத்து வரிசையில் அடுக்கினேன். பெயர்ப் பலகை, புது விளக்கு, எல்லாம் உண்டு. இந்தக் கடைக்கு வருமுன் முப்பது வருஷம் போல்ட்டும் நட்டும் விற்றவனுக்கு வேறென்ன தோன்றும்? அரை அங்குல போல்ட் கேட்பான், எடுத்துக் கொடுப்போம், போவான். அதுதானே நல்ல கடை.

இங்கே அது நடக்கவில்லை. வருகிறவன் பலகையைப் படிக்கிறான், நேராகப் போகிறான், தேடியது இல்லை என்றதும் இரண்டே நிமிஷத்தில் வெளியேறுகிறான். முன்பு அதே ஆள் இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து, சமையல் புத்தகம் தேடி வந்து, எரிமலையைப் பற்றி ஒன்றும் சதுரங்கத்தைப் பற்றி ஒன்றும் வாங்கிப் போவான். பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு, கடையைத் தருகிறாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஆகஸ்ட் முடிவுக்குள் வியாபாரம் தேறாவிட்டால் கடையை விற்றுவிடலாம் என்று நீ போகும் முன்பே நாம் பேசி வைத்திருக்கிறோம். மறக்கவில்லை.

போன சனிக்கிழமை பல் டாக்டர் எலெவுதேரியோ வந்தார். ஓய்வு பெற்றவர், மார்புச் சளியால் மூன்று வாரம் படுத்திருந்தாராம். நேரே கால்நடை வைத்திய அலமாரிக்குப் போய்ப் பின்வரிசையில் கைவிட்டுத் துழாவினார். முகம் வெளுத்துவிட்டது.

“என் புஸ்தகம் எங்கய்யா?” என்றார். வாங்கி வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். “வாங்கல. ஒளிச்சு வச்சிருந்தேன். மாட்டுக் காணை நோய்க்குப் பின்னாடி எவன் கை வைப்பான்னு நெனச்சேன்” என்றார். ஒரு கடற்கொள்ளையர் நாவல். ஒவ்வொரு சனிக்கிழமையும் நின்றுகொண்டே பத்துப் பக்கம் படிப்பாராம். இன்னும் இருபது பக்கம்தான் பாக்கியாம். நாவல் வரிசையில் நான் வைத்த முதல் நாளே அதை யாரோ வாங்கிப் போய்விட்டார்.

நானூறு பெசோவுக்கு வாங்கிப் போயிருக்கலாமே என்றேன். “வீட்டுக்குக் கொண்டுபோனா தூங்கிருவேன்யா. இங்கன்னாத்தான் படிப்பேன்” என்றார்.

அதற்குள் தையல் டீச்சர் சுலெமா பிரெஞ்சு இலக்கணப் பக்கத்திலிருந்து கத்தினாள்: “என்னோடதும் காணோம்! ஏம்ப்பா ஒலிண்டோ, இது புஸ்தகக்கடையா, மருந்துக்கடையா? உன் வீட்டுக்காரி பண்ணின வேலைதானே இது?” என் யோசனைதான், நெலிடாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். நீ ஊர் திரும்பும்போது நிம்மதியாகக் கடைக்குள் நுழைய வேண்டாமா?

விசாரித்தால் வாடிக்கைக்காரர்களில் பாதிப்பேர் ஆளுக்கொரு பொந்து வைத்திருக்கிறார்கள். தன் புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வாராவாரம் வந்து, வந்ததற்கு வேறு இரண்டு வாங்குகிறார்கள். நான் அந்தப் பொந்துகளை எல்லாம் அடைத்துவிட்டேன்.

டாக்டரைச் சமாதானப்படுத்த, கடைசி இருபது பக்கத்தை நான் சொல்கிறேன் என்றேன். ஆமாம், நெலிடா, படித்தேன். அடுக்கும்போது ஏணியில் உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஒரு மத்தியானமே போய்விட்டது. அவரோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “வாயத் தொறந்தீருன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்! ஞாயித்துக்கிழமை சந்தையில வேற பிரதி தேடிக்கிறேன். கெடைக்க ஒரு அஞ்சு வருஷம் ஆகும், இல்ல?” என்றார். கல்யாணத்துக்கு நாள் குறித்த மாதிரி சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு, கடையை நீ வரும்வரை யாருக்கும் தருவதாக இல்லை என்று செருப்புக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். ஆனால் வந்து ஒரே ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பார். பிறகு நீ விற்கச் சொன்னால் விற்கிறேன்.

நேற்று டாக்டரும் டீச்சரும் வந்தார்கள். வெந்நீர்க் குடுவையை நடுவில் வைத்து மாத்தே இலைத் தேநீர் குடித்தபடி பேசி முடித்தோம். அலமாரிகளை அவர்களே கலைத்துத் தருவார்கள், கூலி கிடையாது. ஆளுக்கு ஒரு புத்தகம் ஒளிக்கலாம், மூன்று மாதம் வரை. அதற்குள் வாங்கினால் விலையில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. தவறினால் யார் கேட்டாலும் கொடுப்பேன். கதவுக்கு அருகிலுள்ள ஒரு அலமாரி மட்டும் உன்னுடையது: எழுத்து வரிசையில், தூசி இல்லாமல், யாரும் கலைக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். நான்காவது இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது.

உன்,
ஒலிண்டோ