தம்பியின் கால்மாட்டில்

7 ஜனவரி 2026, புதன்

பனி. திண்டிவனம் ஸ்டேஷன் வரை சகாயராஜின் லோடு வண்டியில் போனேன். விளக்கு வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை. பழகிவிட்டது.

ரயில் பேரணியைத் தாண்டும்போது வயல்களைக் காணோம். மரங்களின் தலை மட்டும் மிதந்தது. எங்கேயும் இறங்காமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

விழுப்புரம் ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை, அதே நாற்காலி. உள் கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ ஒருவரின் குழந்தையின் இதயச் சத்தம், தையல் மிஷின் ஓடுவதுபோல். கதவு மூடினால் நின்றுவிடும்.

சாயங்காலம் வார்டு மெம்பர் தாண்டவராயன் மாமா வந்தார். ஏரியைத் தூர் வாரியபோது கிடைத்த விமானத் துண்டை ஒரு கல்லூரி வாத்தியார் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருந்தார் அல்லவா, அதைப் பார்த்துக் கனடாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறாராம்.

"நம்ம தம்பியோட அக்கா பொண்ணாம்மா. பாக்க வர்றாங்களாம். நீதான் இங்கிலீஷ் படிச்ச பொண்ணு, கூட இருந்து பேசணும்."

புங்க மரத்தடியில் கிடக்கிற தம்பிக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையே.

11 ஜனவரி, ஞாயிறு

வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்து யுத்தம். அடைமழை. குண்டு போடுகிற விமானம் ஒன்று எரிந்துகொண்டே வந்து ஏரிக்கு மேற்கே விழுந்தது. மிலிட்டரி லாரி வந்து, கிடைத்த உடல்களை எடுத்துப் போனது. சில நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது கோரைக்குள் இன்னும் ஒருவன் கிடந்தான். யாரோ எவனோ என்று ஊர்க்காரர்கள் தங்கள் சுடுகாட்டில் இடம் தரவில்லை. எங்கள் காலனி ஆட்கள்தான் தூக்கிவந்து நம் இடுகாட்டில், புங்க மரத்தடியில் வைத்தார்கள். போலீசுக்குச் சொல்லப் பயம். சொல்லவில்லை.

மீசை முளைக்காத முகமாம். அதனால் தம்பி. அன்று தம்பி என்று சொன்னவர்கள் கிழவர்களாகிப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் தம்பி என்றார்கள். நாங்களும். அவனுக்கு மட்டும் வயதே ஆகவில்லை.

தை கடைசி வெள்ளியில் ஆம்பிளைகள் போய் பன்னும் டீயும் வைத்துவிட்டு வருவார்கள். கூழ் அவனுக்குப் பிடிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ. நம் சர்ச்சில் மணிக்குப் பதிலாகத் தொங்குவது அந்த விமானத்தின் காற்றாடித் தகடுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பேர் வைக்கும் முன்னே போய்விடுகிற குழந்தைகளைத் தம்பியின் கால்மாட்டில் புதைப்பார்கள். அவனும் தனி, அதுங்களும் தனி. ஒண்ணுக்கொண்ணு துணை.

இதை மட்டும் சொல்லவேண்டாம் என்கிறார் தாண்டவராயன் மாமா. "புறம்போக்கு நெலம்மா. எந்தக் கொழந்த, எப்ப செத்துச்சு, ஏன் எழுதி வைக்கலன்னு ஆபீசருங்க நோண்டுவாங்க. பேஜாரு."

சரி என்றேன்.

என்னுடையதும் அங்கேதான். போன மாசியில். எட்டாம் மாதம். பெண். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சகாயராஜ் துண்டில் சுற்றிக் கொண்டுபோனார். பெற்றவள் அங்கே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால்? ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன்கிட்ட என்னன்னு கேக்கறது.

16 ஜனவரி, வெள்ளி

கனவு. ஏரியில் இடுப்பளவு தண்ணீர். நான் நடக்கிறேன், புடவை நனையவில்லை. அக்கரையில் யாரோ குழந்தைகளுக்கு விசில் அடித்துக் காட்டுகிறார்கள். முகம் தெரியவில்லை.

24 ஜனவரி, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அந்த அம்மாவின் பெயர் ஐரீன். எழுபது தாண்டியவர், வெயிலில் சிவந்த மூக்கு. கூடவே உயரமாக ஒருவர். போரில் காணாமல் போனவர்களைத் தேடி முறைப்படி அடக்கம் செய்கிற அமைப்பைச் சேர்ந்தவர். அந்த விமானத்தில் இருந்தவர்களில் ஒருவர் மட்டும் இன்றுவரை கணக்கில் இல்லையாம். அவர் லெஸ்லி.

"இன்னா பேரு?" என்றார் ராஜாமணி அத்தை.

"லெஸ்லி."

"லட்சுமியா? ஆம்பளைக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்தேன், ஐரீனும் சிரித்தார். அத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். லெஸ்லி. லெஸ்லி.

உயரமானவர் விளக்கினார்: லெஸ்லியின் கூட்டாளிகள் சென்னையில் போர் வீரர் கல்லறையில் இருக்கிறார்கள். எலும்புகளை எடுத்து அவர்கள் பக்கத்தில் வைக்கலாம். உறவினர் சம்மதம் வேண்டும், அதற்குத்தான் ஐரீன் வந்திருக்கிறார். இன்று இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள்.

இடுகாட்டுக்கு நானும் போகவேண்டியதாயிற்று. முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை, இன்று நான் இங்கிலீஷ் பேசுகிறவள். புங்க மர நிழல் ஏரித் தண்ணீர் வரை நீண்டிருந்தது. நான் பயந்ததுபோல் இல்லை. யாரோ மதியத் தூக்கம் தூங்குகிற வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

உயரமானவர் சின்னச் சிவப்புக் கொடிகள் வைத்திருந்தார். தலைமாட்டில் ஒன்று குத்தினார். பக்கத்துக்கு ஒன்று. கால்மாட்டுப் பக்கம் குனிந்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"சார். அங்க வேணாம் சார்."

சகாயராஜ். கூட்டத்துக்குப் பின்னால் நின்றவர் எப்போது முன்னே வந்தார்? குனிந்து மண்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எம் பொண்ணு இங்க படுத்துக்கினு கீறா. அவுங்ககிட்ட சொல்லு."

தாண்டவராயன் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்ன வாக்கியம். இங்கிலீஷில் அதைவிடச் சின்னது. என் வாயில் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தபோது, அவர் 'எம் பொண்ணு' என்றதை நான் 'எங்கள் பெண்' என்று சொன்னேன். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு வெண்ணிலாவின் பையனை, மற்ற குழந்தைகளை, எதற்காக அங்கே வைக்கிறோம் என்பதை.

ஐரீன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் பெயர் என்ன என்று கேட்டார்.

பேர் வைக்கவில்லை என்றேன்.

கொடிகளைப் பிடுங்கச் சொன்னார். யோசிக்க வேண்டுமாம். நாளை வருகிறார்.

சகாயராஜ் வீட்டுக்கு வந்து கை கழுவவில்லை. அந்தக் கையோடே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

25 ஜனவரி, ஞாயிறு

ஐரீன் எங்கள் வீட்டில் டீ குடித்தார். வெண்ணிலாவும் ராஜாமணி அத்தையும் இருந்தார்கள்.

அவருடைய அம்மா, அதாவது லெஸ்லியின் அக்கா, சாகும்வரை ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். பனி கொட்டுகிற நாளில் ஜன்னலில் நின்று, "அவன் தனியாக எங்கே கிடக்கிறானோ. குளிருமோ."

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க எங்க குளிரு. மார்கழியில கொஞ்சம் பனி பெய்யும், அவ்ளோதான். அதுக்கும் புள்ளைங்க ஒட்டிக்கினு கீதுங்க, கதகதன்னு இருக்கும். சொல்லுடி."

சொன்னேன். ஐரீன் அத்தையின் கையை விடவில்லை. கையெழுத்துப் போடப்போவதில்லை என்றார். அவன் இங்கேயே இருக்கட்டும். ஒரு கல் மட்டும், பெயரோடு.

உயரமானவர் வாதாடவில்லை. உறவினர் விரும்பவில்லை என்று எழுதிவிடுவாராம். குழந்தைகளைப் பற்றி எழுதுவீர்களா என்று கேட்டேன். தலையசைத்தார், இல்லை என்று.

6 பிப்ரவரி, வெள்ளி

தை கடைசி வெள்ளி. கல் வந்துவிட்டது. கறுப்புக் கல், முழங்கால் உயரம். மேலே லெஸ்லி. கீழே தம்பி.

இந்த வருஷம் பெண்களும் போனோம். வேண்டாம் என்று தொடங்கிய தாண்டவராயன் மாமாவை ராஜாமணி அத்தை ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி. பன், டீ. வெண்ணிலா தன் தம்ளரைத் தம்பியிடம் வைக்காமல் கால்மாட்டுக்கு எடுத்துப் போனாள்.

"பூவரசா," என்று கூப்பிட்டாள். பையனைக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமாக.

அப்படி ஒரு பெயரை அவள் வைத்திருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் இன்னொருத்தி கூப்பிட்டாள். இன்னொருத்தி. உயரத்தில் சென்னைக்கோ எங்கேயோ ஒரு விமானம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் முறை வந்ததுபோல் இருந்தது. என்னிடம் பெயர் இல்லை. மண்ணைத் தொட்டுவிட்டு வந்தேன்.

9 பிப்ரவரி, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சகாயராஜ் வண்டியை ஓரம் கட்டினார். டயர் பஞ்சரோ என்று நினைத்தேன்.

"அன்னிக்கு மண்ணு தள்றப்ப கை வரல. சும்மா எப்பிடி உள்ள வைக்கறது. அதான் ஒரு பேரு சொல்லிக் கூப்புட்டுட்டு வச்சேன். உங்கிட்ட கேக்காம வச்சிட்டனேன்னு..." அதற்குமேல் வரவில்லை. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அழுதாரு. ஒரு வருஷம் கழிச்சு, ரோட்டோரம், லாரிங்க போய்க்கினு இருக்க.

"இன்னா பேரு?" என்றேன்.

சொன்னார்.

ரயில் போய்விட்டது. போகட்டும்.

3 மார்ச், செவ்வாய்

பனி விட்டுவிட்டது. வெயிலில் வயல்கள் தெரிகின்றன. மயிலத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். இடம் கொடுத்தேன். பேச்சுக்கொடுத்தாள்.

"உங்களுக்கு எத்தினி பசங்கக்கா?"

"ஒண்ணு," என்றேன். "பொண்ணு. இசைவாணி."

"நல்ல பேரு," என்றாள்.